80-ல் போனால் ‘ஊம்ம்ம்’... டயரா, வீல் பேரிங்கா? கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளானூர் தெருக்களில் 30, 40 கி.மீ. வேகத்தில் போகும்போது கார் சமர்த்தாகத்தான் இருக்கும். வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி 80-ஐத் தொட்டதும் ‘ஊம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் ஆரம்பிக்கும். ஏ.சி-யை நிறுத்தினாலும் நிற்காது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் மட்டும் கேட்காது. பலர் அப்படியே சமாளித்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருக்கலாம். அல்லது வீல் பேரிங் கெட்டுப்போயிருக்கலாம். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். பேரிங் கெட்டிருக்க, டயர்தான் காரணம் என்று நினைத்து நான்கையும் மாற்றினால் பணம்தான் போகும், சத்தம் போகாது. கெட்ட பேரிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். முற்றினால் சக்கரம் இறுகலாம், கழன்றும் போகலாம்.

முதலில், இன்ஜினா சக்கரமா?

மேனுவல் காரில் 70-ல் போகும்போது, வேகத்தை மாற்றாமல் ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கு வாருங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றும். ரீங்காரமும் சேர்ந்து ஏறினால் இன்ஜின் அல்லது சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும். மாறாமல் இருந்தால் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான்.

டயர் என்றால்...

தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்குப் போகும்போது சத்தமும் மாறும். காரை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு அதன் மேல்பரப்பை மெதுவாகத் தடவிப் பாருங்கள். கம்பி, ஆணி இருக்கலாம், கவனம். ரம்பப் பல் போல மேடு பள்ளமாக இருந்தால் காரணம் டயர்தான். முன், பின் டயர்களை மாற்றிப் போட்டால் சத்தமும் இடம் மாறும். அலைன்மென்ட்டையும் காற்றழுத்தத்தையும் சரிபார்க்காமல் விட்டால் புது டயரும் இப்படித்தான் தேயும்.

பேரிங் என்றால்...

சாலை மாறினாலும் சத்தம் மாறாது, வளைவில் மாறும். இடதுபக்கம் திரும்பும்போது எடை வலதுபக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான். இதைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கட்டும். லாரிகளுக்கு நடுவே காரை வளைத்து வளைத்துச் சோதிக்க வேண்டாம்.

மழைக்கும் பங்கு உண்டு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆவடி, அம்பத்தூர் பகுதிகளில் பல தெருக்களில் வெள்ளம் தேங்கியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நீரில் ஓட்டும்போது, பேரிங்கின் சீல் பழசாகியிருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுக்கும். சத்தம் அன்றே வராது. துருப்பிடித்து, வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் கேட்கும். அதனால் யாரும் மழையோடு முடிச்சுப் போடுவதில்லை. மெக்கானிக்கிடம் இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் காரை லிஃப்ட்டில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான். இன்றைய கார்கள் பலவற்றில் பேரிங் சீல் செய்யப்பட்டே வருவதால், கிரீஸ் வைத்துச் சரிசெய்ய முடியாது.

குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும் முன், ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டு காரின் சத்தத்தைக் கேளுங்கள்.