பிள்ளை பெற்றவளைத் தனியே விட வேண்டாம்



லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், பூன் கெங், வாம்போ வட்டாரங்களில் வசிக்கும் தாய்மாரும் பாட்டிமாரும் ஓய்வுபெற்ற தாதியரும் பாலர் பள்ளி ஆசிரியைகளும் சேர்ந்து சிங்கப்பூர்த் தமிழ் மக்களுக்கு இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். கைக்குழந்தையோடு இருக்கும் இளந்தாய்மாரை வீடு தேடிச் சென்று பார்ப்பதும், அவர்களை அவ்வப்போது ஓரிடத்தில் கூட்டிப் பேசவைப்பதும் எங்கள் வேலை. வேலை பெருகிவிட்டது, ஆள் போதவில்லை. உங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது உங்கள் நேரத்தைத்தான். வாரத்தில் ஒரு மணி நேரம்.

தேக்கா ஈரச்சந்தையின் மீன்கடைகளில் காலை வேளையில் நின்றிருப்பவர்களுக்குத் தெரியும். "பிள்ளை பெத்தவளுக்கு" என்று சொல்லிப் பால் சுறா கேட்டால், கடைக்காரர் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துத் தருவார். பக்கத்துக் கடையில் நாட்டுப் பூண்டும் வெந்தயமும் பிரசவ காயச் சரக்கும் வாங்கிக்கொண்டு போவார்கள். நம் வழக்கத்தில் பிள்ளைப்பேறு பலர் கூடிச் சுமந்த காரியம். தாய்வீட்டில் 40 நாள். குளிப்பாட்ட ஒருத்தி, பத்தியம் ஆக்கிப்போட ஒருத்தி, நள்ளிரவில் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ள ஒருத்தி. சீனர் வீட்டில் ஒரு மாதம், மலாய்க்காரர் வீட்டில் 44 நாள் என்று இந்தத் தீவின் எல்லா இனத்தாரும் பெற்றவளுக்கு ஓய்வும் துணையும் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்று அந்தத் துணை பல வீடுகளில் இல்லை. திருமணமாகி ஊரிலிருந்து வந்த பெண்ணுக்குத் தாய்வீடு கடல் தாண்டி இருக்கிறது. அம்மா விசா எடுத்து வந்தாலும் சில வாரங்களில் திரும்பியாக வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கோ அம்மாவும் மாமியாரும் இன்னும் வேலைக்குப் போகிறவர்கள். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. நாங்கள் போகும் வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: காலையில் வடித்த சோறு பிற்பகல் இரண்டு மணிக்கும் மூடி திறக்காமல் இருக்கிறது. ஸ்பிரிங் மாட்டிய சாரோங் தூளியை ஒரு கை ஆட்டிக்கொண்டிருக்கிறது. மறுகையில் கைப்பேசி. "பச்சையாப் போகுதும்மா, டாக்டர்கிட்ட போகணுமா?" என்று ஊரிலிருக்கும் அம்மாவிடம் கேள்வி. பகலென்றால் அம்மா எடுத்துவிடுவார். இங்கே விடியற்காலை நான்கு மணியென்றால் ஊரில் நள்ளிரவு ஒன்றரை. அம்மாவை எழுப்ப மனம் வராமல், அழும் பிள்ளையோடு தானும் அழுதுகொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பெண்.

அந்த அழுகையை நம் வீடுகளில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? "உலகத்துல யாரும் பெறாத பிள்ளையா?" என்பார்கள். சோம்பல் என்பார்கள், கண்பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவார்கள். அது நோயாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் வருவதில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் எளிய வழி உண்டு. 1987-ல் எடின்பரோவில் வகுத்த பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளில் மனம் எப்படியிருந்தது என்று கேட்பவை. இந்நோய்க்குச் சிகிச்சையும் உண்டு. தாயின் மனம் பிள்ளையையும் தொடுகிறது. கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009-ல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு சீன, மலாய், இந்தியத் தாய்மார் 1,200-க்கும் மேற்பட்டோரைக் கருவுற்ற தொடக்க மாதங்களிலிருந்து தொடர்ந்து கவனித்தது. கருவுற்ற காலத்தில் தாய்க்கு ஏற்படும் மனச்சோர்வுக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதை அது எடுத்துக் காட்டியது.

இன்னும் கடினமான நிலையில் இருப்பவர்கள் பதின்ம வயதிலேயே தாயானவர்கள், திருமணமாகாமல் பெற்றவர்கள். எண்ணிக்கையில் சிலரே என்றாலும், நம் சமூகத்தில் அவர்கள் படும் பாடு பெரிது. சட்டம் அவர்களை நோக்கிச் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. 2016 செப்டம்பர் முதல் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குழந்தை மேம்பாட்டுக் கணக்கு உண்டு. 2017 முதல் திருமணமாகாத தாய்க்கும் 16 வார மகப்பேறு விடுப்பு உண்டு. குழந்தைப் போனஸ் ரொக்கம் மட்டும் இன்னும் இல்லை. நம் வாய்ச்சொல்தான் மாறவில்லை. மின்தூக்கியில் ஏறும்போது பேச்சை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்க்கும் பார்வைக்குப் பயந்து, குழந்தையை வெளியே தூக்கிவராத பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளை எந்தச் சூழ்நிலையில் பிறந்திருந்தாலும் அது நம் பிள்ளை. பெற்றவள் நம் பெண்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. நிறையவே செய்கிறது. 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த முதல் இரு குழந்தைகளுக்கு ஆளுக்கு 11,000 வெள்ளி போனஸ் கிடைக்கிறது. 2025 ஏப்ரல் முதல் தந்தையர் விடுப்பு நான்கு வாரம். பெற்றோர் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரல் முதல் பத்து வாரம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2016-ல் முன்னோடியாகத் தொடங்கிய 'கிட்ஸ்டார்ட்' திட்டம், கருவுற்ற காலம் முதல் பிள்ளைக்கு ஆறு வயதாகும் வரை வழிகாட்டுகிறது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் குடும்பச் சேவை நிலையங்களும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால்தான் 16 வார விடுப்பு, இல்லாவிட்டால் 12 வாரம் என்பது போன்ற வேறுபாடுகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி முறையிட வேண்டிய இடத்தில் முறையிடுவோம்.

ஆனால் ஒரு திட்டம் இருக்கிறது என்பதும் அது ஒரு பெண்ணின் கைக்கு எட்டுகிறது என்பதும் வேறுவேறு. நான்கு மணி நேரத் தூக்கத்தோடு இருப்பவள் இணையத்தில் படிவம் நிரப்ப மாட்டாள். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைக் கணவர் வந்து பார்க்கட்டும் என்று எடுத்து வைப்பாள், மறந்துவிடுவாள். தமிழில் பேசி, பக்கத்தில் உட்கார்ந்து, "வா, நான் கூட வர்றேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை எந்தத் திட்டமும் அச்சடித்து அனுப்ப முடியாது. அக்கம்பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

இப்படி வீடு தேடிச் செல்வது சிங்கப்பூர் ஏற்கெனவே செய்து காட்டிய காரியம். லிட்டில் இந்தியாவின் விளிம்பில் நிற்கும் கே.கே. மருத்துவமனை 1924-ல் மகப்பேற்று மருத்துவமனை ஆனது. 1966-ல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தார்கள். ஒரே மகப்பேற்று நிலையத்தில் அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸ் ஏடு பதிவுசெய்தது. இதைப் படிக்கும் மூத்தவர்களில் பலர் அங்கே பிறந்தவர்களாக இருப்பீர்கள். இந்நாட்டில் குழந்தைகள் பிழைத்து வளர்ந்ததற்கு மருத்துவமனை மட்டும் காரணமல்ல. 1920களின் பிற்பகுதியில் இங்கே வந்த ஐடா சிம்மன்ஸ் என்ற பொதுச் சுகாதாரத் தாதி, கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று தாய்மாரைப் பார்க்கும் முறையைக் கட்டியெழுப்பினார். முதலில் கதவைச் சாத்திய தாய்மார், பிறகு அவர் வருகைக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். 1927-க்கும் 1948-க்கும் இடையே சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது. இன்று அது ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு. உயிரைக் காப்பாற்றும் கட்டத்தை இந்நாடு கடந்துவிட்டது. பெற்றவளின் மனத்தையும் பிள்ளையின் வளர்ச்சியையும் காப்பாற்றும் கட்டத்தில் இன்று இருக்கிறோம். வழி அதேதான்: கதவைத் தட்டுவது, உள்ளே போய் உட்காருவது.

வீட்டுக்குப் போய்ப் பேசினால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஜமைக்காவில் கிடைத்த பதில் உண்டு. கிங்ஸ்டன் நகரில் 1980களின் நடுவில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு உள்ளூர்ச் சுகாதார ஊழியர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள், அதே நிலையிலிருந்தும் இந்த வருகை கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். 2014-ல் 'சயன்ஸ்' ஆய்விதழில் இது வெளியானது. அந்த வீடுகளுக்குப் போனவர்கள் மருத்துவர்களல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். வாரத்துக்கு அதே ஒரு மணி நேரத்தைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

நாங்கள் போனால் என்ன செய்கிறோம்? முதலில் கை கழுவுகிறோம். பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய் நிம்மதியாக் குளிச்சிட்டுச் சாப்பிட்டு வாம்மா" என்கிறோம். பல வீடுகளில் அந்த அரைமணி நேரமே பெரிய உதவி. பிறகு குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டி அடுத்த தடுப்பூசி எப்போது, பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்தாயிற்றா என்று பார்க்கிறோம். பால் கட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை சரியாக வாய்வைத்துக் குடிக்காவிட்டால், எங்களில் தாதியாக இருந்தவர் கூட இருந்து சொல்லித் தருகிறார். விலை கொடுத்து விளையாட்டுப் பொருள் வாங்கச் சொல்வதில்லை. காலி மைலோ டின்னில் கொஞ்சம் பச்சைப் பயறு போட்டு மூடியை இறுக ஒட்டினால் கிலுகிலுப்பை. குளிப்பாட்டும்போது "இது யாரு கை? இது யாரு காலு?" என்று கேட்டால் அதுவே முதல் பாடம். பாட்டியின் பேச்சும் தாலாட்டும் இப்படித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளின் காதுக்குத் தமிழைக் கொண்டுசென்றன. மருத்துவர் பார்க்க வேண்டியதை நாங்கள் பார்ப்பதில்லை. பெண்ணின் முகத்தில் சந்தேகம் தட்டினால் மருத்துவரிடம் உடன் போகிறோம்.

இனி எங்கள் வேண்டுகோள்.

பாட்டிமார்களே, ஓய்வுபெற்ற தாதியரே, ஆசிரியைகளே: உங்கள் அனுபவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பயிற்சி பெற்று, தொண்டூழியராகப் பதிந்துகொண்டு, ஒரே ஒரு தாயின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். சிண்டாவிலோ, உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ, 'கிட்ஸ்டார்ட்'டிலோ சேரலாம். எங்களோடுதான் சேர வேண்டும் என்பதில்லை.

தந்தையரே: சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் விடுப்பை எடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையின் துணி மாற்ற எழுந்திருக்கும் ஆண் யாருக்கும் குறைந்தவன் அல்லன்.

மாமியார்களே: சுறாப்புட்டு கிண்டிப் போடும் அன்பை வார்த்தையிலும் காட்டுங்கள். "எங்க காலத்துல" என்று தொடங்குவதற்கு முன், "உனக்கு என்னம்மா செய்யுது?" என்று ஒரு தரம் கேளுங்கள்.

கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தினரே: சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் பெருமாள் கோயிலும் அங்குலியா பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் நம் மக்கள் நம்பி வரும் இடங்கள். மாதம் ஒரு நாள் ஒரு கூடத்தைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் அரசே அங்கன்வாடிகள் மூலம் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையலும் சீரும் கொடுத்துவிட்டு, ஊட்டச்சத்தும் குழந்தை வளர்ப்பும் பேசி அனுப்புகிறார்கள். சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்கள் இங்கேயும் அப்படிச் செய்யலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மேடை போடத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமல்ல.

லிட்டில் இந்தியாவின் கடைக்காரர்களே, முதலாளிமார்களே: திரை போட்ட ஒரு மூலையும் ஒரு நாற்காலியும் இருந்தால் ஒரு தாய் பால் கொடுத்துவிட்டுப் போவாள். வேலைக்குத் திரும்பிய ஊழியருக்குப் பால் எடுத்து வைக்க நேரமும் இடமும் கொடுங்கள்.

தனியே இருக்கும் தாய்மார்களே: இது உங்களுக்கு. பிள்ளை அழுதால் நீ கெட்ட தாய் என்று பொருளல்ல, கண்ணு. உனக்கு அழுகை வந்தால் நீ பலவீனமானவள் என்றும் பொருளல்ல. மனம் தாளாத நேரத்தில், இரவானாலும் பகலானாலும், 1771 என்ற தேசிய மனநல எண்ணை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 995. பணக்கஷ்டம் என்றால் 1800-222-0000 என்ற காம்கேர் எண். அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது, பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் உன்னைப் பற்றியும் சொல்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் உங்கள் புளோக்கை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எந்த மாடியில் கைக்குழந்தையின் அழுகுரல் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரமே அந்தக் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு கிண்ணம் ரசமோ கஞ்சியோ கொண்டுபோங்கள். "நான் கீழ் மாடிதான், பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள்.

இப்படிக்கு,
லிட்டில் இந்தியா வட்டாரத் தாய்மாரும் தொண்டூழியர்களும்