கடலுக்கு உரமிடுவோரே, உண்பவர் யார் என்று கேட்டீர்களா?



கடலில் இரும்புச்சத்தைத் தூவினால் நுண்பாசிகள் பெருகும், அவை கரியமிலவாயுவை ஈர்த்து, மடிந்து, கடலடியில் புதையும், புவிவெப்பம் தணியும்! மாணவர்களின் திட்டப்பணிகளில் இக்கருத்து அழகிய வண்ணப்படத்தோடு முழுப் புள்ளியும் பெறுகிறது. அப்படத்தில் எந்த உயிரும் எதையும் உண்பதில்லை என்பதே என் முதற்குறை.

2009ஆம் ஆண்டு இந்திய, செருமானிய அறிவியலாளர்கள் தென்பெருங்கடலில் 300 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைக் கரைத்தனர். 'லோகாஃபெக்ஸ்' என்பது அவ்வாய்வின் பெயர். (லோகா என்றால் இந்தியில் இரும்பு.) இரண்டே கிழமைகளில் நுண்பாசி இருமடங்கானது. பின்னர்? துடுப்புக்காலிகள் எனப்படும் சிற்றுயிர்கள் அதனை மேய்ந்து தீர்த்தன; அவற்றை இறால் போன்ற வேறு உயிரிகள் வேட்டையாடின. ஆழத்திற்கு இறங்கிய கரிமமோ மிகச் சொற்பம். அந்நீரில் சிலிக்கா முன்னரே தீர்ந்துவிட்டிருந்தது. சிலிக்கா இன்றேல் கண்ணாடிக் கூடுடைய டயாட்டம்கள் செழிக்கா. கூடற்ற மென்பாசிகளே பெருகி இரையாயின.

டயாட்டம் செழித்தால் மட்டும் நன்மையா? வடகிழக்குப் பசிபிக்கின் நீரில் இரும்பு சேர்த்தபோது 'சூடோ நிட்சியா' என்னும் டயாட்டம் பெருகி, டோமாயிக் அமிலம் என்னும் நஞ்சைச் சுரந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அந்நஞ்சு எத்தகையது தெரியுமா? 1987இல் கனடாவின் இளவரசர் எட்வர்ட் தீவுச் சிப்பிகளை உண்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் மாண்டனர், சிலர் நினைவாற்றலை இழந்தனர்.

இன்னொன்று. மடிந்த பாசியைச் சிதைக்கும் பாக்டீரியா உயிர்வளியைக் குடிக்கும். உயிர்வளி குன்றிய நீரில் நைட்ரசு ஆக்சைடு உருவாகலாம். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது!

"ஆய்வே கூடாதா?" எனச் சிலர் வினவுவர். தாராளமாகச் செய்யட்டும், அளந்து, கண்காணித்துச் செய்யட்டும். ஆனால், 2012இல் கனடாவின் ஐடா குவாய் தீவுகளுக்கு அப்பால் ஏறத்தாழ 100 டன் இரும்புச் சல்பேட்டு கொட்டப்பட்டதே, அதன் நோக்கத்தில் கரிமக் கடன் விற்பனையும் இருந்ததே, அதற்கு ஆய்வு என்றா பெயர்? இத்தகைய செயலை ஆய்வுக்குள் மட்டும் அடக்க 2013இல் இலண்டன் நெறிமுறை திருத்தப்பட்டது. பத்தாண்டு கழிந்தும் அது நடப்புக்கு வரப் போதிய நாடுகள் ஒப்பவில்லை.

ஆசிரியர்களே, அடுத்த முறை அவ்வண்ணப்படம் உங்கள் மேசைக்கு வந்தால், அதில் ஒரு துடுப்புக்காலியையும் வரைந்துவரச் சொல்லுங்கள்.