சிறு வீட்டு உரிமையாளர்களின் பெருங்கவலை: வாடகை வருமா என்பதல்ல, வீடு திரும்பக் கிடைக்குமா என்பதே!

புதுடெல்லி: சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து இரண்டாவதாக ஒரு வீட்டை வாங்கி, அதை வாடகைக்கு விடுவது இந்திய நடுத்தர வர்க்கத்தின் நெடுநாளைய முதலீட்டு வழக்கம். மாதந்தோறும் வரும் வாடகை ஓய்வுக் காலத்தில் ஓய்வூதியம்போல் கைகொடுக்கும் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை. ஆனால், முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுபவரின் சிக்கல்கள் வாடகை வசூலோடு முடிந்துவிடுவதில்லை. விட்ட வீடு தேவைப்படும்போது திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விதான் அவரை அதிகம் அலைக்கழிக்கிறது. இந்த அச்சத்தால் பாதிக்கப்படுவது உரிமையாளர் மட்டுமல்ல. நகரங்களில் வீடு தேடி அலையும் குடும்பங்களும்தான்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளின்றிக் காலியாக இருந்தன. அதே கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பங்களில் சுமார் 27 சதவீதம் வாடகை வீடுகளில் வசிப்பதும் தெரியவந்தது. ஒருபுறம் வீட்டுத் தட்டுப்பாடு, மறுபுறம் பூட்டிய வீடுகள் என்ற இந்த முரண்பாட்டுக்குக் காரணங்கள் பல. விலை ஏறட்டும் என்று காத்திருப்போர் உண்டு. போக்குவரத்து வசதியற்ற புறநகரில் கட்டப்பட்டதால் ஆள் கிடைக்காத வீடுகளும் உண்டு. எனினும், ‘குடிவைத்தால் காலி செய்ய வைக்க முடியாது’ என்ற பயமும் இதில் கணிசமான பங்கு வகிக்கிறது. 2021-இல் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, காலி வீடுகளை வாடகைச் சந்தைக்குக் கொண்டுவருவதை மத்திய அரசு ஒரு நோக்கமாகவே குறிப்பிட்டது.

ஒரே வீடு, ஒரே வருமானம்

இந்தியப் பெருநகரங்களில் குடியிருப்பு வீட்டின் ஆண்டு வாடகை, அதன் விலையில் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் வரையே இருக்கிறது. வீட்டுக் கடன் வட்டியோ பல ஆண்டுகளாக அதைவிட இரு மடங்குக்கும் மேல்.

எடுத்துக்காட்டாக, 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 3 சதவீத வாடகை என்றால் மாதம் 15,000 ரூபாய் வரும். அதை வாங்க 45 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றிருந்தால், மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். வாடகை ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாலும் மாதம் 24,000 ரூபாயை உரிமையாளர் தம் சம்பளத்திலிருந்து போட வேண்டும். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் வருமானத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், வெள்ளையடிப்பு, குழாய் பழுது ஆகியவை தனி.

வருமான வரியில், உரிமையாளர் செலுத்திய சொத்து வரியைக் கழித்த பிறகு எஞ்சும் வாடகையில் 30 சதவீதம் நிலையான கழிவாகக் கிடைக்கும். ஆனால், கடன் வட்டியால் ஏற்படும் இழப்பைச் சம்பள வருமானத்தில் ஈடுசெய்துகொள்ளும் வசதி பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மட்டுமே. புதிய வரி முறையில் அதுவும் இல்லை. வரிச் சலுகையை நம்பி இரண்டாவது வீடு வாங்குவோர் முதலில் சறுக்கும் இடம் இது.

நூறு வீடுகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒருவர் வாடகை தராவிட்டால் ஒரு சதவீத இழப்பு. ஒரே வீடு வைத்திருப்பவருக்கோ அதே நிகழ்வு முழு இழப்பு. கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆனால் வாடகைச் சட்டங்கள் பெரும்பாலும் இருவரையும் ‘உரிமையாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றன.

11 மாத ஒப்பந்தத்தின் மறுபக்கம்

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணங்கள் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே நாடெங்கும் 11 மாத ஒப்பந்தம் வழக்கமானது. பலர் அதையும் வாய்மொழியாகவே முடித்துக்கொள்கிறார்கள். வாடகையைக் கணக்கில் காட்டாமல் ரொக்கமாகப் பெறும் ஆசையும் சிலருக்கு உண்டு.

தகராறு ஏற்படும் வரை இதில் சிக்கல் தெரிவதில்லை. ஏற்பட்ட பிறகோ, வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் காலி செய்ய வேண்டும் என்பவற்றை நிரூபிக்க உரிமையாளரிடம் தக்க ஆவணம் இருப்பதில்லை. போதிய முத்திரைத் தீர்வை செலுத்தப்படாத ஆவணத்தை, குறைவான தீர்வையும் அபராதமும் செலுத்தப்படும் வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. மகாராஷ்டிரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அம்மாநில வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது உரிமையாளரின் பொறுப்பு. தவறினால், மறுப்புச் சான்று இல்லாத வரை, நிபந்தனைகள் குறித்து வாடகைதாரர் கூறுவதே ஏற்கப்படும். மாறாக, முறைப்படி பதிவான ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம் இருந்தால், காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரு மடங்குத் தொகை கோரலாம். வீட்டை மீட்கத் தனி அதிகாரியை அணுகலாம். சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த நினைப்பவர் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

அச்சத்தில் பாதி உண்மை, பாதி வதந்தி

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் உரிமையாளர்களிடையே விதைத்த அவநம்பிக்கை காரணமற்றதல்ல. மும்பையில் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மதிப்பில் வாடகை உறைந்து கிடந்ததை, அது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று 1997-இல் உச்ச நீதிமன்றமே கூறியது. டெல்லியின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்படாத வாடகைகளுக்கு இன்றும் பொருந்துகிறது. அதற்கு மாற்றாக 1995-இல் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்கே வரவில்லை.

ஆனால், ‘12 ஆண்டுகள் குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்கே சொந்தம்’ என்ற பரவலான நம்பிக்கை தவறு. எதிரிடை அனுபவ உரிமை கோர, உரிமையாளரின் உரிமையை மறுத்து அனுபவித்திருக்க வேண்டும். வாடகைதாரர் உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவர் என்பதால், வாடகைக்கு இருந்த காலத்தைக் காட்டி அவர் அத்தகைய உரிமை கோர இயலாது. இங்கும் உரிமையாளருக்குத் துணை நிற்பது ஒப்பந்தமும் வாடகை ரசீதும்தான்.

பொறுமை இழந்து மின் இணைப்பைத் துண்டிப்பதும், பூட்டை மாற்றுவதும், பொருள்களை வெளியே வைப்பதும் புதிய உரிமையாளர்கள் செய்யும் ஆபத்தான தவறு. ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தாலும் சட்ட வழியின்றி ஒருவரை வெளியேற்ற முடியாது. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர் 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் குடியேற, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டம் வழிசெய்கிறது.

மாதிரிச் சட்டமும் விடுபட்ட கணக்கும்

2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. அதை இரண்டு மாதங்களுக்குள் வாடகை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகை ஆணையம், வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என மூன்று அடுக்குகள். விரைவான தீர்வுக்குக் காலவரம்பு. காலம் கடந்தும் தங்குவோருக்கு முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கு, அதன்பின் நான்கு மடங்கு வாடகை என்பன அதன் முக்கிய அம்சங்கள்.

ஆனால் இது மாதிரி மட்டுமே. வாடகை மாநிலப் பட்டியலில் உள்ளதால், மாநிலங்கள் தனியே சட்டம் இயற்றினால்தான் நடைமுறைக்கு வரும். ‘நாடு முழுவதும் புதிய வாடகை விதி’ என்று அவ்வப்போது பரவும் தகவல்களைப் படிப்போர் இதை நினைவில் கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. உத்தரப் பிரதேசம், ஆந்திரப் பிரதேசம், அசாம் ஆகியவையும் மாதிரியை ஒட்டிச் சட்டம் கொண்டுவந்துள்ளன. பல பெரிய மாநிலங்கள் இன்னும் பழைய சட்டங்களிலேயே நிற்கின்றன.

மாதிரிச் சட்டத்திலும் சிறு உரிமையாளருக்கு ஓர் இடைவெளி உண்டு. குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 10 மாத முன்பணம் கேட்கும் வழக்கம் வேரூன்றிய பெங்களூரு போன்ற நகரங்களில் வாடகைதாரருக்கு இது பெரும் நிம்மதி தரும். ஆனால், வாடகை தராதவரை வெளியேற்ற இரண்டு மாத நிலுவை, பின் ஒரு மாத அறிவிப்பு, அதன்பின் விசாரணை என்று சட்டமே வரிசை வகுக்கிறது. எல்லாம் உரிய காலத்தில் நடந்தாலும், முன்பணம் தீர்ந்த பிறகே வீடு கைக்கு வரும். வழக்கு இழுபட்டால் ஒற்றை வீட்டுக்காரர் தாங்க மாட்டார்.

முன்பணத்தை உயர்த்துவது இதற்குத் தீர்வாகாது. அது வாடகைதாரர் தலையில் சுமையை ஏற்றிவிடும். குறைந்த வருமானம் உள்ள, ஒழுங்காக வாடகை தரும் குடும்பமே முதலில் கதவுக்கு வெளியே நிற்கும். காலவரம்பு உண்மையிலேயே பின்பற்றப்படுவதுதான் இரு தரப்புக்கும் நியாயம். அதற்கு வாடகை நீதிமன்றங்களுக்குப் போதிய அதிகாரிகளும், எளிய இணையவழிப் பதிவும், குறைந்த கட்டணமும் வேண்டும். பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மலிவு வாடகைக் குடியிருப்புகளுக்குத் தனிப் பிரிவு உள்ளது. வளாகம் கட்டுவோர்மீது காட்டப்படும் அந்த அக்கறையில் சிறு பங்கு, ஏற்கெனவே கட்டிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மீதும் திரும்ப வேண்டும்.

தொடங்கும் முன்…

முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுவோர், தம் மாநிலச் சட்டத்தை அறிந்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும், வாடகையை வங்கி வழியே பெறுவதும், வீட்டின் நிலையைப் படங்களுடன் இரு தரப்பும் கையொப்பமிட்டுக் குறித்துவைப்பதும் அடிப்படைத் தேவைகள். காவல் துறையிடம் வாடகைதாரர் விவரம் அளிக்க வேண்டும் என்ற ஆணை பல நகரங்களில் உள்ளது. மீறினால் வழக்குப் பாய்வது உரிமையாளர் மீதுதான். குறைந்தது ஆறு மாதக் கடன் தவணையைக் கையிருப்பாக வைத்திருப்பதும் அவசியம்.

வாடகை என்பது சும்மா வரும் வருமானம் அல்ல. ஆவணமும் கணக்கும் கேட்கும் சிறுதொழில். அரசு விரைவான நீதியையும் உரிமையாளர் முறையான ஆவணத்தையும் உறுதிசெய்தால், பூட்டிய வீடுகள் திறக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும், வீடு இருப்பவரின் அச்சமும் இல்லாதவரின் அலைச்சலும் தொடரும்.