சொற்களுக்கும் சரியான வகைப்பாடு வேண்டும்

மாணவர்களே, திமிங்கிலம் மீனா? இரண்டாம் படிவத்தில் கேட்டால், “இல்லை டீச்சர், பாலூட்டி!” என்று உடனே பதில் வரும். உயிரினங்களை வகைப்படுத்தக் காட்டும் இந்தக் கவனத்தைச் சொற்களிடமும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

கணினிக்குச் சொற்பொருளைக் கற்பிக்க உதவும் பெரிய தரவுத்தளம் வேர்ட்நெட். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் தலைமையில் 1985இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பணி இது. ‘நாய் ஒரு விலங்கு’, ‘விலங்கு ஓர் உயிரினம்’ என்று சொற்களை அது படிப்படியாக அடுக்குகிறது.

அந்த அடுக்கில் பிழை இருந்தால்? ‘மனிதர்’ என்ற சொல் அதில் ‘உயிரினம்’ என்பதன் கீழும், ‘விளைவை ஏற்படுத்துபவர்’ என்பதன் கீழும் உள்ளது. முதலாவது சரி. இரண்டாவது?

நிக்கோலா குவாரினோ, கிறிஸ்டோபர் வெல்டி ஆகிய ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆன்டோகிளீன் முறை இதைச் சோதிக்கிறது. ஒரு தன்மையை இழந்த பிறகும் அந்தப் பொருள் அதே பொருளாக நீடிக்குமா என்று அது கேட்கிறது. எஸ்பிஎம் முடித்ததும் நீங்கள் பள்ளி மாணவர் அல்ல. ஆனால் மனிதராகவே இருப்பீர்கள். ஆகவே ‘மனிதர்’ நிலையான வகை, ‘மாணவர்’ தற்காலிகப் பங்கு. நிலையான வகையைத் தற்காலிகப் பங்கின் கீழ் வைக்கக்கூடாது என்பது விதி. தூங்கும் குழந்தை எந்த விளைவையும் ஏற்படுத்தாவிட்டாலும் மனிதர்தானே!

இன்னொரு குறையும் இருந்தது. ‘நகரம்’ ஒரு வகை. மலாக்கா ஒரு தனி நகரம், நகரத்தின் வகை அன்று. இந்த வேறுபாட்டை வேர்ட்நெட் தொடக்கத்தில் காட்டவில்லை, 2.1 பதிப்பில்தான் பிரித்துக் காட்டியது.

“அகராதி மக்கள் பேசுவதைப் பதிவு செய்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். நமக்குப் போதும், தவறை நாமே சரிசெய்துகொள்வோம். கணினியோ கொடுத்த அடுக்கை அப்படியே நம்பி முடிவெடுக்கும்.

இது நம் மொழிக்கும் பொருந்தும். இந்தியாவின் இந்தோவேர்ட்நெட்டில் தமிழும் உண்டு. அதிலுள்ள மொழிகள் பெரும்பாலும் இந்தி வேர்ட்நெட்டை அடிப்படையாகக் கொண்டு விரிவாக்கப்பட்டவை. இப்படி ஒன்றைப் பார்த்து இன்னொன்றை உருவாக்கும்போது மூலத்தின் பிழையும் கூடவே வந்துவிடும். எனவே சொற்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் அடுக்கைச் சோதிப்பதே முக்கியம்.

நீங்களே தொடங்கலாம். ‘பரிசு’ என்பது ஒரு பொருளின் நிலையான வகையா, தற்காலிகப் பங்கா? இன்று கடையில் இருக்கும் புத்தகம் நாளை பரிசாகலாம். யோசித்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.