மலை தெரியும் வீடு, மேற்கே அடிக்கும் வெயில்

ராஜபாளையத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டால், இப்போதெல்லாம் முதலில் வருகிற பதில், "மலை தெரியணும்!" ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புச் சாலைப் பக்கம் மனை வாங்கியவர்கள் சொல்வதும் அதேதான். நியாயமான ஆசை. கார்த்திகையில் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும், குளித்துவிட்டு வந்த மாதிரி நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்களுக்கு வேறு ஆசை வராது. உடனே செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் பச்சை மலை.

அந்தப் படம் பெரும்பாலும் ஏதோ குளிர்ப் பிரதேசத்தில் எடுத்ததாக இருக்கும். நம் ஊரில் மலை இருப்பது மேற்கே. சித்திரை மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் வருவதும் அதே மேற்கிலிருந்துதான். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே வந்த சூட்டை வெளியே விடாது. ஆறு மாதத்தில் அந்த ஜன்னலுக்குக் கனமான திரை வந்துவிடும், ஏசி வந்துவிடும். மலை பார்க்கச் செலவு செய்த ஜன்னல் நாள் முழுக்க மூடியே கிடக்கும்!

சன்ஷேடு போட்டால் போதாதா? தெற்குச் சுவருக்குப் போதும். உச்சியில் நிற்கும் சூரியனை இரண்டடி சன்ஷேடு மறைத்துவிடும். மேற்கே சூரியன் தாழ்ந்து, சாய்ந்து வருவதால் வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராகச் சுவரில் அடிக்கும். அந்தப் பக்கத்துக்கு வேண்டியது எட்டடி அகலத்தில் ஒரு தாழ்வாரம். ஓட்டுச் சரிவு ஆள் உயரத்துக்குச் சற்று மேல்வரை இறங்கி வர வேண்டும். ஓரத்தில் சுருட்டி வைக்க மூங்கில் தட்டி, முன்னால் இரண்டு புங்கமரம். சாயங்காலம் தட்டியைச் சுருட்டிவிட்டுத் தாழ்வாரத்தில் உட்காருங்கள். மலையும் தெரியும், காற்றும் வரும்.

ஆடிக் காற்று மலை தாண்டி மேற்கிலிருந்து வீசும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால், மேற்கே ஜன்னல் வைப்பவர்கள் அது வெளியேற கிழக்கே வழி வைக்க மறந்துவிடுகிறார்கள். ஆண்டாள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நுழைந்த காற்று கொல்லை வழியாகப் போய்விடும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கச் சுவர்களில் வெயிலே படாது. நாம் நாலு பக்கமும் இடம் விட்டு, நாலு சுவரையும் வெயிலுக்குக் கொடுக்கிறோம்.

சுவர் எதில் கட்டுவது? இங்கே லாரி பேக்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியா வந்து, மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர். அவர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டில் செங்கலைப் படுக்க வைக்க மாட்டார்கள். விளிம்பில் நிறுத்தி, நடுவில் மூன்று அங்குலம் காலியாக விடுவார்கள். சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம், கலவையும் குறைவு. நடுவில் நிற்கும் காற்று, சூட்டை உள்ளே விடாது. ஒரு எச்சரிக்கை: ஒயரிங், பைப் எங்கே போகும் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள்; பிறகு சுவரை வெட்டுவது சிரமம். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் முதலில் காம்பவுண்டில் பத்தடி கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராம்கோ குழுமத்தின் தாயகமான ராஜபாளையத்தில் உட்கார்ந்து சிமென்டைக் குறையுங்கள் என்று சொல்வது கொஞ்சம் தைரியம்தான். ஆனால் உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. எனவே தேவையான இடத்தில் தேவையான அளவு போதும்.

மண் விஷயத்திலும் கவனம் தேவை. மலையடிவாரச் செம்மண்ணில் கல் அஸ்திவாரம் நன்றாக நிற்கும். கிழக்கே போகப் போகக் கரிசல். அது மழையில் ஊதும், கோடையில் பிளக்கும். அங்கே மண் பரிசோதனை செய்யாமல் வானம் தோண்டாதீர்கள்.

இன்னொன்று, தண்ணீர். மலையில் பெய்கிற மழை மேற்கிலிருந்து கிழக்கே ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களுக்குப் போகிறது. பங்குனியில் மனை பார்க்கும்போது ஓடை வெறும் பள்ளமாகத்தான் தெரியும். அதில் நாலு லோடு மண் அடித்து மேடாக்கினால், ஐப்பசியில் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், அல்லது உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரைத் தண்ணீருக்குக் குழி தோண்டிவிட்டு ஓடையை அடைப்பதில் என்ன பயன்?

மலையடிவாரத்தில் கட்டும்போது அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். செண்பகத்தோப்புக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. இந்த அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும், கூடும் உச்சிக்கிளையில்தான். மாந்தோப்பில் மனை பிரித்து, நடுவில் நாலு மரத்தை வெட்டினால் நமக்கு அது வாசல். அணிலுக்குப் பாதை அறுந்த இடம்.

ஆகவே பிளான் போடும் இன்ஜினீயரிடம் முதலில் மரங்களை வரையச் சொல்லுங்கள், அறைகளை அப்புறம். ஒவ்வொரு மரத்தின் அடியோடு, கிளை எவ்வளவு தூரம் படர்கிறது, பக்கத்துத் தோப்பு மரத்தை எங்கே தொடுகிறது என்பதும் வரைபடத்தில் வரட்டும். அந்த இடத்தில் மாடி எழுப்பாமல் கார் நிறுத்துமிடமோ துணி துவைக்கிற இடமோ வைத்துக்கொள்ளலாம். மலைப் பக்கம் பார்த்து எரியும் பெரிய விளக்கையும் அந்தச் சுவரில் மாட்டாதீர்கள்.