நெய்ச்சட்டி அளந்து சொல்லுமா?
இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் விற்கப்படும் மதன மோதகத்தை ‘வெறும் மூலிகை’ என்று நியாயப்படுத்துவோருக்குச் சொல்கிறேன். பச்சைக் கஞ்சா இலையில் பெரும்பகுதி போதை தராத அமிலமே. சூடேறினால் அது கரியமில வாயுவை இழந்து போதைப் பொருளாகிறது. மேலைநாட்டார் இதற்கென்றே வெப்பம் காட்டும் மின்கருவி வாங்குகின்றனர். இங்கே விறகடுப்பும் நெய்ச்சட்டியும் போதும். ஆனால் உருண்டைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எந்தச் சட்டியும் கருவியும் சொல்லாது. தின்றபின் மயக்கம் ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் இரண்டாவதையும் விழுங்கியவர் பால்வெட்டுக் கத்தியோடு சரிவில் நிற்பார். மிட்டாயென்று எடுத்த குழந்தைக்கு யார் பொறுப்பு? 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் வழிவிட்டது பதிவுபெற்ற வைத்தியருக்கு, பெட்டிக்கடைக்கு அன்று. அளவு அச்சிடாத உருண்டை மருந்தாகாது.