ஒரு டெஸ்ட் போதுமா?

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். காலரா வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அசுத்தமான தண்ணீர் மூலம் பரவும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியோ சத்தமில்லாமல் குடலில் தங்கிவிடும்.

வாரக்கணக்கில் வயிற்று உப்புசம், எண்ணெய்ப் பிசுக்கோடு நாறும் மலம், மெலிந்துகொண்டே போகும் குழந்தை என்றால் டாக்டர் மலப் பரிசோதனை எழுதித் தருவார். 'ஒன்றும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்தக் கிருமி தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. அதனால்தான் வெவ்வேறு நாட்களில் 3 சாம்பிள் கேட்கிறார்கள்.

உயிரோடு இருக்கும் ஜியார்டியா மைக்ரோஸ்கோப்பில் உதிரும் இலைபோலப் புரண்டு நகரும். அதை வைத்தே லேபில் அடையாளம் காண்பார்கள். நேரமானால் அந்த அசைவு நின்றுவிடும். பிறகு அயோடின் சொட்டு விட்டு, 4 உட்கருக்கள் கொண்ட அதன் முட்டை வடிவக் கூட்டைத் தேட வேண்டும்.

எனவே தண்ணீராகப் போகும் மலத்தை அரை மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது.

அந்தக் கூடு குளோரினுக்கு எளிதில் சாகாது. குடிநீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே பாதுகாப்பு.